கேள்வி – பதில்: பிளாஸ்டிக் உகுலேலே

இந்த மாதம் இசைக்கருவிப் பகுதிக்கு மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்கள் எல்லாம் ஒரே பொருளைப் பற்றியவை: பையில் போட்டு எங்கும் கொண்டு போகக்கூடிய, விலை குறைந்த பிளாஸ்டிக் உகுலேலே, அதாவது கிட்டார் போன்ற நான்கு கம்பிச் சிறு கருவி. ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டோம். பதில்களைப் படிக்குமுன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கருவியை மார்போடு அணைத்துப் பிடிக்கும்போது தரைப்பக்கம் இருப்பது 1ஆம் கம்பி, முகத்துப் பக்கம் இருப்பது 4ஆம் கம்பி.

ஐயா, பேத்தி பிளாஸ்டிக் உகுலேலே கேட்கிறாள். இரவுச் சந்தையில் 25 வெள்ளிக்கும் தொங்குகிறது, இணையக் கடையில் 150 வெள்ளிக்கும் இருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். எது விளையாட்டுச் சாமான், எது வாசிக்கக்கூடியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்

கடைக்குப் போகும்போது ஓர் அடிக்கோலும், சுருதி பார்க்கும் செயலி உள்ள கைப்பேசியும் கொண்டு போங்கள் ஐயா. ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

முதலில் மொத்த நீளம். சொப்ரானோ எனப்படும் சிறிய உகுலேலே ஏறக்குறைய 53 சென்டிமீட்டர், அதாவது 21 அங்குலம். அதைவிட ஒரு சாண் குறைவாக இருந்தால் அது பொம்மை வரிசையில் வைக்க வேண்டியது. அடுத்து, கழுத்தின் தலைமாட்டில் கம்பிகள் தாண்டி வரும் சிறு பட்டை இருக்கிறதே, அதை நட் என்பார்கள். அங்கிருந்து 12ஆம் ஃப்ரெட் வரை (கழுத்தின் குறுக்கே உள்ள மேட்டுக் கோடுகளே ஃப்ரெட்) அளந்து பாருங்கள். பிறகு 12ஆம் ஃப்ரெட்டிலிருந்து கீழே கம்பி தங்கும் சேடில் வரை அளங்கள். இரண்டும் 17 சென்டிமீட்டர் அளவில் சமமாக இருக்க வேண்டும். சேடில் பக்கம் ஓரிரு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால் அது வேண்டுமென்றே வைத்தது, குறையன்று. அரை சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் அந்தக் கருவியில் எந்தக் காலத்திலும் சுருதி சேராது. யார் வாசித்தாலும் சேராது.

மூன்றாவது, கம்பியை முறுக்கும் கீ. உள்ளே சிறு பற்சக்கரம் உள்ள கீயாக இருக்கட்டும். வெறும் பிளாஸ்டிக் முளையைத் துளையில் செருகியிருந்தால் இறுக்கத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். நான்காவது, கடைக்காரர் அனுமதித்தால் 1ஆம் கம்பியை ஏ என்ற ஸ்வரத்துக்குச் சேர்த்துவிட்டு, அதே கம்பியை 12ஆம் ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். செயலி மறுபடி ஏ என்றே காட்ட வேண்டும். அரை ஸ்வரத்தை நூறாகப் பிரித்த அளவுக்குச் சென்ட் என்று பெயர். பத்து சென்ட் வரை விலகல் இருந்தால் இந்த விலைக்குப் பொறுத்துக்கொள்ளலாம். முப்பது, நாற்பது காட்டினால் வைத்துவிட்டு வாருங்கள்.

நூறு முதல் இருநூறு வெள்ளிக்குள் இந்தச் சோதனைகளில் தேறும் கருவிகள் கிடைக்கின்றன. அவற்றில் இரண்டு வகை உண்டு. முழுக்க முழுக்க ஏபிஎஸ் அல்லது பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் வார்த்தவை ஒரு வகை. முதுகும் பக்கமும் பிளாஸ்டிக்காக இருந்து முகப்பலகை மட்டும் ஒட்டுமரமாக இருப்பவை இன்னொரு வகை. இரண்டாவது வகையில் ஓசை கொஞ்சம் நிறைவாக இருக்கும். ஆனால் மழைக்கும் ஆற்றுக்கும் பயப்படாமல் எடுத்துப் போக வேண்டுமென்றால் முதல் வகைதான். பேத்தியின் பள்ளிப் பைக்கு முதல் வகையையே வாங்குங்கள்.

பிளாஸ்டிக் என்பதால் மட்டும் அதைப் பொம்மை என்று தள்ளிவிட வேண்டாம். 1949இலேயே மரியோ மக்காஃபெர்ரி என்ற கிட்டார் தயாரிப்பாளர் அமெரிக்காவில் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் உகுலேலே வார்த்து விற்றார். அளவுகள் சரியாக இருந்ததால் அது நல்ல கருவி என்று பெயர் வாங்கியது. இன்றைக்கும் அதைத் தேடிச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

பள்ளியில் பிள்ளைகளுக்குத் தேவாரமும் சரளி வரிசையும் சொல்லித் தருகிறேன். சிலர் உகுலேலே கொண்டு வருகிறார்கள். இது மேல்நாட்டுக் கருவிதானே, நம் ஸ்வரங்கள் இதில் வருமா? எந்தக் கட்டையில் வைத்துக்கொள்வது?
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

வரும் டீச்சர். நன்றாகவே வரும். உகுலேலேயின் சுருதி அமைப்பே நமக்கு வாகாக அமைந்திருக்கிறது. 4ஆம் கம்பியிலிருந்து 1ஆம் கம்பி வரை ஜி, சி, ஈ, ஏ. சி என்பது நம் சுருதி அளவில் ஒரு கட்டை. அதைச் சட்ஜமாக வைத்துக்கொண்டால் 3ஆம் கம்பி ச, 2ஆம் கம்பி அந்தர காந்தாரம், 4ஆம் கம்பி பஞ்சமம், 1ஆம் கம்பி சதுச்ருதி தைவதம். எந்த விரலும் வைக்காமலே மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களில் நான்கு கைக்கு வந்துவிட்டன. ரிஷபம் மட்டும்தான் பாக்கி.

கவனிக்க வேண்டியது ஒன்று. கிட்டாரிலும் வீணையிலும் பழகியவர்கள் மேலே உள்ள கம்பிதான் தாழ்ந்த ஒலி என்று எதிர்பார்ப்பார்கள். இங்கே அப்படி இல்லை. மிகத் தாழ்ந்தது 3ஆம் கம்பி. அதற்கு மேல் 2ஆவது, அதற்கு மேல் 4ஆவது, எல்லாவற்றுக்கும் உச்சம் 1ஆவது. இது தெரியாமல் 4ஆம் கம்பியைத் தளர்த்தித் தொங்க விட்டுவிட்டு, கருவி கெட்டுப்போனது என்று கொண்டு வரும் பிள்ளைகள் உண்டு.

சரளி வரிசைக்கு மாயாமாளவகௌளை இப்படி வரும். ச: 3ஆம் கம்பி, வெறுங்கம்பி (விரல் வைக்காமல்). ரி: அதே கம்பி, 1ஆம் ஃப்ரெட். க: 2ஆம் கம்பி, வெறுங்கம்பி. ம: 2ஆம் கம்பி, 1ஆம் ஃப்ரெட். ப: 2ஆம் கம்பி, 3ஆம் ஃப்ரெட். த: 2ஆம் கம்பி, 4ஆம் ஃப்ரெட். நி: 1ஆம் கம்பி, 2ஆம் ஃப்ரெட். மேல் ச: 1ஆம் கம்பி, 3ஆம் ஃப்ரெட். ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று வைத்துக்கொண்டால், முதல் ஃப்ரெட்டுக்கு ஆள்காட்டி விரல் தொடங்கி நான்காவதுக்குச் சுண்டு விரல் வரை, கையை நகர்த்தவே வேண்டியதில்லை. முதல் காலத்தில் பிசிறில்லாமல் வந்த பிறகே இரண்டாம் காலத்துக்குப் போங்கள்.

சங்கராபரணம் வேண்டுமென்றால் ரிஷபத்தை 3ஆம் கம்பியின் 2ஆம் ஃப்ரெட்டுக்கு மாற்றுங்கள். தைவதத்துக்கு 1ஆம் கம்பியை வெறுமனே மீட்டினால் போதும். அதிலே மத்திமத்தை மட்டும் 2ஆம் கம்பியின் 2ஆம் ஃப்ரெட்டுக்கு ஏற்றினால் கல்யாணி. மோகனத்துக்கு ச, ரி என்று 3ஆம் கம்பியில் இரண்டு, க, ப என்று 2ஆம் கம்பியில் இரண்டு, த, மேல் ச என்று 1ஆம் கம்பியில் இரண்டு. தொடக்கப் பிள்ளைகளுக்கு இதைவிட எளிய வரிசை கிடையாது.

தேவாரம் பாடும்போது பின்னால் சுருதி பிடிக்கவும் இது உதவும். 4ஆம், 3ஆம் கம்பிகளைக் கட்டைவிரலால் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல் மீட்டிக்கொண்டே இருந்தால் ப–ச என்று நிற்கும். தம்புராவின் கார்வை இதில் வராது. பிளாஸ்டிக் கருவியின் ஒலி இரண்டு, மூன்று நொடியில் அடங்கிவிடும், அதனால் மீட்டலை விடாமல் தொடர வேண்டும்.

கட்டை விஷயம். பிள்ளைகளின் குரல் ஒரு கட்டையில் தாழ்ந்துபோகும். எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கவ்விக்குக் கேப்போ என்று பெயர். அதை 2ஆம் ஃப்ரெட்டில் மாட்டினால் இரண்டு கட்டை, 5ஆம் ஃப்ரெட்டில் மாட்டினால் நான்கு கட்டை. விரல் வைக்கும் முறை மாறாது. உகுலேலேக்கென்றே உள்ள சிறிய கேப்போவை வாங்குங்கள். கிட்டார் கேப்போவின் கனமும் பிடியும் இந்தக் கழுத்துக்கு அதிகம். ஐந்து கட்டைக்குக் கேப்போவை 7ஆம் ஃப்ரெட் வரை ஏற்றினால் விரல் வைக்க இடமில்லாமல் போகும். அதற்குப் பதில் 4ஆம் கம்பியின் ஜியையே சட்ஜமாக வைத்து, மற்ற ஸ்வரங்களை 1ஆம் கம்பியில் பிடியுங்கள். சங்கராபரணத்துக்கு ரி வெறுங்கம்பி, க 2, ம 3, ப 5, த 7, நி 9, மேல் ச 10.

இதில் வராதவை எவை என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் வராது. கம்பியைப் பக்கவாட்டில் தள்ளினால் அதிகபட்சம் அரை ஸ்வரம் அசையும், அதற்குள் ஓசை செத்துவிடும். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் ஜாருவை மட்டும் ஒரே கம்பியில் விரலை இழுத்து ஓரளவு காட்டலாம். ஃப்ரெட்டில் பிடிக்கும் அந்தர காந்தாரம், சுருதிப் பெட்டியோடு இழையும் காந்தாரத்தைவிட 14 சென்ட் கூடுதல். காது பழகிய பிள்ளைக்கு அது உறுத்தும். மோகனம், சங்கராபரணம் வாசிக்கும் நாள்களில் 2ஆம் கம்பியை ஒரு மயிரிழை இறக்கி வைத்தால் வெறுங்கம்பிக் காந்தாரம் சுகமாக நிற்கும். ஆனால் அதே கம்பியில் பிடிக்கும் ம, ப இரண்டும் கூடவே இறங்கும். கணக்குப் பார்த்துச் செய்யுங்கள்.

புதிதாக வாங்கி ஐந்து நாள்தான் ஆகிறது. காலையில் சுருதி சேர்த்தால் மத்தியானம் இறங்கிவிடுகிறது. மாற்றிக் கேட்கலாமா?
– செம்பனை லாரி ஓட்டுநர், சுங்கை சிப்புட்

அவசரப்படாதீர்கள் தம்பி. நைலான் வகைக் கம்பி புதிதில் நீண்டுகொண்டே இருக்கும். ஒரு வாரம், சில கம்பிகளுக்குப் பத்து நாள்கூட ஆகும். அதை விரைவுபடுத்த வழி இருக்கிறது. சுருதி சேர்த்தபின் ஒவ்வொரு கம்பியையும் 12ஆம் ஃப்ரெட்டுக்கு நேரே இரண்டு விரலால் பிடித்து, முகப்பலகையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மெதுவாகத் தூக்கி விடுங்கள். சுருதி இறங்கியிருக்கும். மறுபடி சேருங்கள். நாலைந்து சுற்று இப்படிச் செய்துவிட்டு, இரவு வைக்கும்போது சரியான சுருதியிலேயே வையுங்கள். தளர்த்தி வைத்தால் மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சேர்க்கும்போது எப்போதும் தாழ்ந்த சுருதியிலிருந்து மேலே வாருங்கள். தாண்டிப் போய்விட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் பற்சக்கரத்தில் இருக்கும் இடைவெளி பிறகு கம்பியின் இழுப்பில் அடைபடும், சுருதி தானாக நழுவும்.

செயலியில் உகுலேலே என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா, சி அமைப்பில் (ஜி, சி, ஈ, ஏ) இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏ கம்பி 440 ஹெர்ட்ஸ். கிட்டார் பிரிவில் வைத்துவிட்டு, அடுத்த ஸ்தாயிக்கு ஏற்ற முயன்று கம்பியை அறுத்துக்கொள்கிறவர்கள் அதிகம். லாரி நிறுத்துமிடம், தொழிற்சாலை வாசல் போன்ற இரைச்சலான இடத்தில் கைப்பேசி தடுமாறும். உகுலேலேயின் தலைமாட்டில் கவ்விக்கொள்ளும் டியூனர், அதன் அதிர்வை நேராக எடுப்பதால் அங்கேயும் சரியாகக் காட்டும்.

இரண்டு வாரம் கழித்தும் ஒரே ஒரு கம்பி மட்டும் இறங்கினால், அந்தக் கீயின் முனையில் உள்ள சிறு திருகாணியைக் கால் சுற்று இறுக்குங்கள். அதற்கு மேல் வேண்டாம். பிளாஸ்டிக்கில் திருகு புரி அழிந்தால் பிறகு பிடிக்காது.

விரல் வைக்காமல் மீட்டினால் சரியாக இருக்கிறது. முதல் ஃப்ரெட்டில் அழுத்தினால் ஏன் அபஸ்வரமாகக் கேட்கிறது? விரலும் ரொம்ப வலிக்கிறது.
– ஐந்தாம் ஆண்டு மாணவி, சுங்கை சிப்புட்

தங்கச்சி, நீ சொன்ன இரண்டு தொல்லைக்கும் ஒரே காரணம்தான் இருக்கக்கூடும். நட்டில் கம்பி உட்காரும் வெட்டு ஆழமாக இல்லாவிட்டால் கம்பி உயரத்தில் நிற்கும். அதை முதல் ஃப்ரெட் வரை அழுத்தும்போது கம்பி இழுபட்டுச் சுருதி ஏறும். அதிக பலம் போட வேண்டியிருப்பதால் விரலும் வலிக்கும். விலை குறைந்த கருவிகளில் நாங்கள் அதிகம் பார்க்கும் குறை இதுவே. பலர் பிளாஸ்டிக்கையே குறை சொல்கிறார்கள். ஆனால் தப்பு பெரும்பாலும் இந்த அரை மில்லிமீட்டரில்தான் இருக்கிறது.

சோதனை எளிது. கம்பியை 3ஆம் ஃப்ரெட்டுக்குச் சற்று முன்னால் அழுத்திக்கொண்டு, 1ஆம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே எவ்வளவு சந்து என்று பார். ஒரு தாள் நுழையும் அளவு இருந்தால் போதும். பத்து வெள்ளி நோட்டை நாலாக மடித்தாலும் நுழைகிறது என்றால் வெட்டு ஆழம் போதவில்லை.

சரிசெய்வதை அப்பாவிடமோ அண்ணனிடமோ கொடு. அவர்கள் செய்ய வேண்டியது: கம்பியைத் தளர்த்தி வெட்டிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். கம்பியின் தடிமனுக்குச் சற்றே கூடிய ஊசி அரத்தால் நாலைந்து இழுப்பு இழுக்க வேண்டும். அரம் இல்லையென்றால், தூக்கிப்போட்ட கிட்டாரின் சுருள் கம்பித் துண்டையே அரமாகப் பயன்படுத்தலாம். வெட்டு தலைப்பக்கம் சரிந்து இறங்கட்டும், ஃப்ரெட் பக்க விளிம்பு உயர்ந்து நிற்கட்டும். பிறகு கம்பியை மாட்டிச் சுருதி சேர்த்து மறுபடி சோதிக்க வேண்டும். ஏபிஎஸ் மரத்தைவிட, எலும்பைவிட மிக வேகமாகத் தேயும். பத்து இழுப்பை ஒரே மூச்சில் போட்டால் தாண்டிவிடும். தாண்டிப்போய் வெறுங்கம்பி 1ஆம் ஃப்ரெட்டில் உரசி இரைந்தால், வெட்டில் சமையல் சோடா மாவைத் துளி வைத்து, அதன்மேல் சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டால் கல்லாக இறுகும். அதில் மறுபடி வெட்டலாம்.

சில கருவிகளில் நட்டை ஒட்டியே இன்னொரு ஃப்ரெட் இருக்கும், அதை சீரோ ஃப்ரெட் என்பார்கள். அதில் கம்பியின் உயரத்தை முடிவு செய்வது அந்த ஃப்ரெட்தான். நட்டைத் தொடாதே.

வெட்டு சரியாக இருந்தும் சுருதி ஏறினால், நீ கழுத்தை இறுக்கிப் பிடிக்கிறாய். பிளாஸ்டிக் கழுத்து மரத்தைவிட வளையும். கட்டைவிரலைக் கழுத்தின் பின்னால் சும்மா சாய்த்து வை. விரலை ஃப்ரெட்டுகளுக்கு நட்டநடுவில் வைக்காமல் அடுத்த ஃப்ரெட்டை ஒட்டி வைத்தால் பாதி பலம் போதும். முதல் இரண்டு வாரம் ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் வாசி, நாளுக்கு இரண்டு தடவை. நுனி விரல் தடித்த பிறகு வலி போய்விடும்.

பஜனையில் வாசிக்க எத்தனை கார்ட் தெரிந்தால் போதும்? தாளத்துக்கு எப்படி மீட்டுவது? உறுமி, மத்தளத்துக்கு நடுவே ஓசையே கேட்கவில்லை.
– ஆலய பஜனைக் குழு இளைஞர், சுங்கை சிப்புட்

சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிக்கும் கூட்டுக்குக் கார்ட் என்று பெயர். தொடங்க நான்கு. சி கார்டுக்கு 1ஆம் கம்பியின் 3ஆம் ஃப்ரெட்டில் மோதிர விரல், அவ்வளவுதான். ஏ மைனருக்கு 4ஆம் கம்பியின் 2ஆம் ஃப்ரெட்டில் நடுவிரல். எஃப் கார்டுக்கு அந்த நடுவிரலை எடுக்காமலே 2ஆம் கம்பியின் 1ஆம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலைச் சேர்க்க வேண்டும். ஜி7க்கு 2ஆம் கம்பியின் 1ஆம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி, 3ஆம் கம்பியின் 2ஆம் ஃப்ரெட்டில் நடுவிரல், 1ஆம் கம்பியின் 2ஆம் ஃப்ரெட்டில் மோதிர விரல். ஏ மைனரிலிருந்து எஃப், எஃபிலிருந்து சி, சியிலிருந்து ஜி7 என்று மாறுவதை மட்டும் தனியாகப் பழகுங்கள். சங்கராபரணச் சாயலில் ஓடும் நாமாவளிகளுக்கு இவை தாராளம். மாயாமாளவகௌளை போன்ற ராகத்துக்குக் கார்டைத் திணிக்காதீர்கள். அங்கே ச–ப மட்டும் மீட்டுவதே அழகு.

ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கைக்கு, ஒவ்வோர் எண்ணுக்கும் ஆள்காட்டி விரல் நகத்தால் கீழ்நோக்கி ஒரு வருடல். பழகியபின் 2, 4, 6, 8ஆம் எண்களின் பின்பாதியில் மேல்நோக்கி ஒன்று சேருங்கள். வருட வேண்டிய இடம் கழுத்தும் உடலும் சேரும் பகுதி. ஒலித்துளைக்குக் கீழே, சேடிலைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் வருடினால் தகரம் தட்டுவதுபோல் கேட்கும்.

ஓசை குறைவாக இருப்பது பொருளின் குணம். முகப்பலகைக்குப் பயன்படும் ஸ்புரூஸ் மரம் ஏபிஎஸ்ஸைவிட எடையில் பாதிக்கும் குறைவு, விறைப்பில் நான்கு மடங்கு அதிகம். ஆகவே மரப்பலகையை மெல்லியதாகச் செதுக்கலாம், சிறு மீட்டலுக்கே அதிரும். பிளாஸ்டிக் முகப்பு கனமாக இருந்தால்தான் கம்பியின் இழுப்பைத் தாங்கும். அதோடு, அதிர்வைத் தனக்குள்ளேயே விழுங்கவும் செய்யும். உறுமியோடு போட்டி போட அடித்து வாசித்தால் சுருதி பிசகும், ஓசை கூடாது. ஒலித்துளைக்கு ஒரு சாண் தள்ளி மைக் வையுங்கள். அல்லது முகப்பின் அதிர்வை மின்குறியாக மாற்றும் பியசோ பிக்கப் ஒன்றை பிரிட்ஜுக்கு அருகே ஒட்டி ஒலிபெருக்கிக்குக் கொடுங்கள். உறுமி அடிக்கும் பாட்டுகளில் கருவியைக் கீழே வைத்துவிடுவதும் ஒரு நல்ல முடிவே.

வேலைக்குப் போகும்போது மோட்டாரின் பின்பெட்டியில் வைத்துப் போகிறேன். ஓய்வு நேரத்தில் வாசிக்கலாம் என்று. வெயிலில் ஏதாவது ஆகுமா? துடைக்க எதைப் பயன்படுத்துவது?
– பால்மரத் தோட்டத் தொழிலாளி, சுங்கை சிப்புட்

ஆகும் அண்ணே. மழை, காற்றீரம், வியர்வை எதுவும் முழுப் பிளாஸ்டிக் கருவியை ஒன்றும் செய்யாது. அதற்கு எதிரி வெப்பம்தான். ஏபிஎஸ் உருகி இளகுவது 100 பாகைக்கு மேல் என்றாலும், நான்கு கம்பியும் சேர்ந்து 15 கிலோ அளவுக்கு இடைவிடாமல் இழுத்துக்கொண்டிருக்கும்போது அதற்கு வெகு முன்பே கழுத்து மெல்ல மெல்ல வளையத் தொடங்கும். வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் 60 பாகையைத் தாண்டும். கறுப்பு நிறப் பின்பெட்டியும் அப்படியே. கழுத்து ஒருமுறை முன்னோக்கி வளைந்துவிட்டால் திரும்பாது. உள்ளே நிமிர்த்தும் இரும்புத் தண்டு கிடையாது. வெந்நீரில் வைத்து நிமிர்த்தப் பார்த்தால் ஃப்ரெட்டுகளும் சேர்ந்து கோணும். தோளில் மாட்டிப் போய், மர நிழலில் தொங்க விடுங்கள். வேறு வழியில்லாமல் பெட்டியில் வைத்தே ஆக வேண்டிய நாளில் எல்லாக் கம்பியையும் மூன்று, நான்கு சுற்றுத் தளர்த்திவிட்டு வையுங்கள்.

இன்னொரு எதிரி பலருக்குத் தெரியாதது. தோட்டத்தில் கொசுவுக்குப் பூசும் மருந்துகளில் டீட் என்ற இரசாயனம் இருக்கும். அது ஏபிஎஸ், பாலிகார்பனேட் இரண்டையும் இளக்கும். பூசிய கையோடு கருவியைப் பிடித்தால் விரல் ரேகை அப்படியே பதியும், பளபளப்பு மங்கும், நாளடைவில் வெடிப்பும் வரும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு எடுங்கள். பெட்ரோல், சாயத் தின்னர், நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் எதுவும் அருகே வரக்கூடாது. வலிக்குத் தடவும் தைலக் கையும் வேண்டாம். துடைக்கப் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டுக் கலந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும்.

கம்பி அறுந்துவிட்டது. இங்கே கிட்டார் கம்பிதான் கிடைக்கிறது. அதை மாட்டலாமா? தூண்டில் நரம்பு போடலாம் என்று ஒருவர் சொன்னார்.
– இரண்டு வாசகர்கள், சுங்கை சிப்புட்

கிட்டாரின் எஃகுக் கம்பியை எந்தக் காரணத்துக்கும் மாட்டாதீர்கள். இழுப்பு பல மடங்கு. பிரிட்ஜ் பிய்ந்து வரும். அதற்கு முன்பே பிளாஸ்டிக் ஃப்ரெட்டுகளில் பள்ளம் விழும்.

தூண்டில் யோசனை நல்ல யோசனைதான். விலை உயர்ந்த உகுலேலேக் கம்பிகளில் ஒரு வகை ஃப்ளோரோகார்பன், தூண்டில் கடையில் லீடர் என்று விற்பதும் அதே பொருள். வாங்கும்போது பவுண்டு எண்ணைப் பார்க்காமல் மில்லிமீட்டரைப் பாருங்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் பவுண்டு மாறும். 1ஆம் கம்பிக்கு 0.52, 2ஆவதுக்கு 0.66, 3ஆவதுக்கு 0.81 முதல் 0.90க்குள், 4ஆவதுக்கு 0.57 அளவு பொருந்தும். அரை மீட்டர் துண்டு ஒரு கம்பிக்குப் போதும். சாதாரண நைலான் நரம்பும் வாசிக்க வரும், ஆனால் அதிகம் நீளும்.

மாட்டும்போது ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டுங்கள். பிரிட்ஜில் வெறும் பிளவு இருந்தால் நுனியில் எட்டு வடிவ முடிச்சுப் போட்டு உள்ளே இறக்குங்கள். முடிச்சு நழுவினால் ஒரு சிறு பாசிமணியைக் கோத்து அதற்குப் பின்னால் முடிச்சிடுங்கள். பிரிட்ஜில் குறுக்குத் துளை இருந்தால் கம்பியைத் துளைக்குள் விட்டு, மேலே சுற்றித் தன் அடியிலேயே ஒரு முறை நுழைத்து இறுக்குங்கள். ஃப்ளோரோகார்பன் வழுக்கும், மெல்லிய கம்பிகளுக்கு இரண்டு முறை நுழையுங்கள். கீயின் தண்டில் இரண்டு, மூன்று சுற்று இருக்கட்டும், ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கட்டும்.

ஒரே இடத்தில் அடிக்கடி அறுந்தால் கம்பியின் மேல் பழி போடாதீர்கள். அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள், வார்ப்பின் கூர்விளிம்பு இருக்கும். 600ஆம் எண் உப்புத்தாளை மெல்லச் சுருட்டி இரண்டு முறை தேய்த்தால் தீர்ந்தது.

என் மகன் இடதுகைப் பழக்கம். தனிக் கருவி வாங்க வேண்டுமா?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

வேண்டாம் அக்கா. உடல் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால் கம்பிகளைத் திருப்பி மாட்டினால் போதும். 1ஆவதும் 4ஆவதும் தடிமனில் நெருக்கம், அவை அப்படியே இடம் மாறும். 2ஆவதையும் 3ஆவதையும் மாற்றும்போது தடித்த 3ஆம் கம்பிக்கு நட்டின் வெட்டைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டியிருக்கும்.

குடும்பத்தோடு பங்கோர் தீவுக்குப் போகிறோம். கடலில் நனைந்தால்? அடுத்த மாதம் விமானப் பயணமும் இருக்கிறது.
– வாசகி, சுங்கை சிப்புட்

முகப்பு உட்பட முழுப் பிளாஸ்டிக் என்றால் நனையட்டும், கவலையில்லை. கரை சேர்ந்ததும் நல்ல தண்ணீரில் உள்ளும் வெளியும் அலசி, ஒலித்துளையைக் கீழே பிடித்து உதறி, நிழலில் கவிழ்த்து வையுங்கள். உப்பு தங்கினால் துருப்பிடிப்பது கீயின் பற்சக்கரமும் திருகாணிகளும்தான். காய்ந்தபின் ஒவ்வொரு பற்சக்கரத்திலும் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி, பல்குத்தும் குச்சியின் நுனியால் தொட்டு வைத்தால் போதும். சொட்டாகப் பிளாஸ்டிக்கில் வழிய விடாதீர்கள். மர முகப்புள்ள கருவி என்றால் தண்ணீருக்கு அருகேயே கொண்டு போகாதீர்கள். பிளாஸ்டிக்கும் மரமும் சேரும் ஓரம் விட்டுப்போகும். விட்டுப்போனால் வெள்ளைப் பசை பிளாஸ்டிக்கில் பிடிக்காது, இரண்டு குழாய் எபாக்சி பசைதான் பிடிக்கும்.

விமானத்துக்கு: ஏர் ஏசியா கைப்பைக்குக் கொடுக்கும் அளவு 56 x 36 x 23 சென்டிமீட்டர். 53 சென்டிமீட்டர் கருவி அதில் அடங்கும், தடித்த உறையோடு அடங்காது. மெல்லிய துணிப்பையில் போட்டு, தலைப்பக்கம் ஒரு கைலியைச் சுற்றிக் கைப்பைக்குள்ளேயே வையுங்கள். கிளம்புமுன் விமான நிறுவனத்தின் தற்போதைய விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கம்பியைத் தளர்த்த வேண்டியதில்லை, விமான அறைக்குள் இருக்கும் குளிரும் அழுத்தமும் பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது. இறங்கியதும் சுருதி மட்டும் கொஞ்சம் நகர்ந்திருக்கும்.